கண்ணாடிக்குள் 272 படிகள்



கிள்ளானில் ஒரு குடும்பம். அப்பா தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அம்மா அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். எஸ்.பி.எம். முடித்த ஒரே மகன். இவர்களோடு எழுபத்து நான்கு வயதுப் பாட்டி. வரிசை வீடு. முன்கூடத்தில் சோபா, தொலைக்காட்சி, மூலையில் சாமி மேடை, தலைக்கு மேலே மின்விசிறி. இந்த அரங்கில் இருப்பவர்களில் பலரின் வீடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

தேர்வு முடிவு வந்தது. மகன் கேட்டது ஒரே ஒரு பரிசு. விஆர் ஹெட்செட்! அதாவது மெய்நிகர்க் கருவி. முகத்தில் மாட்டிக்கொண்டால் வேறோர் உலகத்துக்குள் நிற்பதுபோல் காட்டும் பெரிய கண்ணாடி. அப்பா வாங்கிக் கொடுத்தார். ஐந்து நாட்கள் மகன் குதித்துக் குதித்து விளையாடினான். ஆறாவது நாள், 'பாட்டியும் பார்க்கட்டுமே' என்று அவருக்கு மாட்டிவிட்டான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டி "ஐயோ!" என்று அலறி நாற்காலியிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மருமகள் ஓடிவந்து பிடித்திராவிட்டால் தலை சிமெண்டுத் தரையில் மோதியிருக்கும்.

அன்றிரவு அந்தக் கருவி பெட்டிக்குள் போனது. "காசைக் கொடுத்து வினையை வாங்கிட்டோம்" என்றார் அப்பா.

கருவி கெட்டதா? இல்லை. பாட்டிக்கு ஒத்துக்கொள்ளாததா? அதுவும் இல்லை. வாங்கும் முன் கேட்க வேண்டிய சில கேள்விகளை யாரும் கேட்கவில்லை. மாட்டும் முன் செய்ய வேண்டிய சில வேலைகளை யாரும் செய்யவில்லை. இன்றைய உரை அவற்றைப் பற்றியதுதான்.

நேற்று முளைத்ததல்ல

இது புதுமையான பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். 1968-ஆம் ஆண்டிலேயே ஐவன் சதர்லண்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி தலையில் மாட்டும் காட்சிக் கருவியை உருவாக்கிவிட்டார். அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது! சாதாரண வீட்டுக்கு அது வர அரை நூற்றாண்டு ஆனது. 2012-இல் ஓக்குலஸ் என்னும் சிறு நிறுவனம் பொதுமக்களிடம் இணையம் வழி நிதி திரட்டித் தன் கருவியை உருவாக்கியது. 2014-இல் பேஸ்புக் அந்த நிறுவனத்தை வாங்கியது. இன்று மெட்டா என்ற பெயரில் இயங்குவதும் அதே பேஸ்புக்தான்.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. இரு கண்களுக்கும் சற்றே மாறுபட்ட இரண்டு படங்களைக் காட்டுகிறது. மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழத்தை உணர்கிறது. தலையைத் திருப்பினால் உள்ளிருக்கும் உணரிகள் அதைக் கண்டுபிடித்து, படத்தையும் உடனே திருப்புகின்றன. விநாடிக்கு 72 முதல் 120 முறை வரை படம் புதுப்பிக்கப்படுகிறது. இந்த வேகம் குறைந்தால் தலை சுற்றும். வயிறு புரளும்.

கடைக்குப் போகும் முன்

கடைக்காரர் முதலில் சொல்வது விலையை. வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. யார் அணியப் போகிறார்கள்? எதற்காக? வீட்டில் எங்கே?

சந்தையில் உள்ளவற்றைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தனித்தே இயங்குவது. கணினி வேண்டாம், கம்பி வேண்டாம். எல்லாம் கருவிக்குள்ளேயே இருக்கிறது. மெட்டாவின் குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ் ஆகியவை இவ்வகை. குவெஸ்ட் 3, 2023 அக்டோபரில் 499.99 அமெரிக்க டாலர் என்ற ஆரம்ப விலையில் வந்தது. 2024 அக்டோபரில் வந்த 3எஸ் 299.99 டாலரில் தொடங்கியது. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் மூளை ஒன்றுதான். ஆனால் கண் வேறு. குவெஸ்ட் 3-இல் ஒவ்வொரு கண்ணுக்கும் 2064-க்கு 2208 புள்ளிகள். 3எஸ்-இல் 1832-க்கு 1920. முன்னதில் 'பேன்கேக்' எனப்படும் மெல்லிய வில்லை. ஓரம் வரை தெளிவாகத் தெரியும். பின்னதில் வளைய வளையமாகச் செதுக்கிய 'பிரெனெல்' வில்லை. நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல். குதித்து விளையாடும் பிள்ளைக்கு அது பெரிதாகத் தெரியாது. உட்கார்ந்து படம் பார்க்கவும் எழுத்துகளைப் படிக்கவும் விரும்புபவருக்குத் தெரியும்.

இரண்டாம் வகை, விளையாட்டுப் பெட்டியோடு இணைவது. 2023 பிப்ரவரியில் வெளியான சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 இதற்கு உதாரணம். பிளேஸ்டேஷன் 5 வீட்டில் ஏற்கெனவே இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்து விலையைக் கணக்கிட வேண்டும்.

மூன்றாம் வகை, திறன்மிக்க கணினியோடு இணைவது. கணினியில் நல்ல வரைகலை அட்டை வேண்டும். அலுவலக வேலைக்கு வாங்கிய சாதாரண மடிக்கணினி இதற்குப் போதாது.

நான்காம் வகை, மிக உயர்ந்த விலையில் உள்ளது. ஆப்பிள் விஷன் புரோ 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் சிங்கப்பூருக்கும் வந்தது. அழகான கருவிதான். ஆனால் பள்ளிப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கும் பொருளல்ல!

கைத்தொலைபேசியைச் செருகிப் பார்க்கும் அட்டைப் பெட்டிக் கண்ணாடியும் உண்டு. தலையைத் திருப்புவதை மட்டுமே அது அறியும். எழுந்து ஓரடி முன்னே வைத்தால் அதற்குத் தெரியாது. ஐந்து நிமிட வேடிக்கைக்குச் சரி. அதைப் பார்த்துவிட்டு 'விஆர் என்றால் இவ்வளவுதானா?' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று...

பழைய கருவி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள். 'விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி' என்ற வகைக் கருவிகளைப் பல கணினி நிறுவனங்கள் விற்றன. அவற்றை இயக்கும் மென்பொருளைக் கைவிடப் போவதாக 2023 டிசம்பரில் மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது. பழுதே இல்லாத, துடைத்து வைத்த கருவிகள், கணினியைப் புதுப்பித்த மறுநாள் வெறும் அலங்காரப் பொருளாகிவிட்டன. ஆகவே பழையதை வாங்குபவர் கேட்க வேண்டியது, 'ஓடுகிறதா?' என்பதை மட்டுமல்ல, 'இன்னும் எத்தனை நாளைக்கு ஓடவிடுவார்கள்?' என்பதையும்தான்.

வில்லைகளை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். உள்ளே திரையில் சிறு மஞ்சள் அல்லது கறுப்புப் பொட்டு இருந்தால் அது வெயில் பட்ட காயம். பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்பது தெரியுமல்லவா? அதே கதைதான். வில்லை மேல்நோக்கியபடி சன்னல் ஓரம் வைத்தால், நம் ஊர் வெயிலில் சில நிமிடங்களிலேயே திரை கெட்டுவிடலாம். அதைச் சரிசெய்ய முடியாது.

புதியதை வாங்கும்போதும் ஒரு கேள்வி உண்டு. உத்தரவாதம் யாருடையது? தயாரித்த நிறுவனத்தினுடையதா, கடைக்காரருடையதா? வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியாக இருந்தால் பழுதுபார்க்க எங்கே அனுப்புவார்கள்? அதை ரசீதில் எழுதிக் கேளுங்கள். உள்ளே இரண்டு தட்டை முனை கொண்ட மின்செருகி இருந்தால், மூன்று சதுர முனை கொண்ட நம் மின்துளைக்குத் தரமான மாற்றியும் வாங்க வேண்டிவரும்.

வீட்டைத் தயார்ப்படுத்துங்கள்

நின்று விளையாட ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெற்றிடம் தேவை. கருவி வாங்கும் முன்பே தரையில் அளந்து பாருங்கள். பலர் பெட்டியைப் பிரித்த பிறகுதான் சோபாவை எங்கே நகர்த்துவது என்று யோசிக்கிறார்கள்.

கருவியில் எல்லைக்கோடு வரையும் வசதி உண்டு. அந்தக் கோட்டை நெருங்கினால் கண்ணெதிரே வலைபோல் ஒரு சுவர் தோன்றி எச்சரிக்கும். நல்ல வசதிதான். ஆனால் கோட்டைச் சுவர் வரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கை வீசுகிற வேகத்தில், எச்சரிக்கை தெரிவதற்குள் கை சுவரில் பட்டிருக்கும். எல்லாப் பக்கமும் ஒரு முழம் உள்ளே தள்ளி வரையுங்கள்.

மேலே பாருங்கள். மின்விசிறி! எல்லைக்கோடு தரையைப் பற்றியது. தலைக்கு மேலே சுழலும் இறக்கையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. உயரமான பிள்ளை கையைத் தூக்கினால் என்ன ஆகும்? சாமி மேடையில் விளக்கு எரியும் நேரத்தில் அதே கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கை வீசி ஆடுவது தகுமா? படிக்கட்டின் தலைமாட்டில் ஒருபோதும் வேண்டாம். கட்டுப்பாட்டுக் கருவியின் மணிக்கட்டுப் பட்டையைப் போடாமல் விளையாடினால் அடுத்த செலவு தொலைக்காட்சிப் பெட்டிக்குத்தான்.

அறையில் போதிய வெளிச்சம் வேண்டும். கருவியின் வெளிப்புறக் கேமராக்கள் சுற்றுப்புறத்தைப் பார்த்துத்தான் தன் இடத்தைக் கணக்கிடுகின்றன. இருட்டில் அது தடுமாறும். பெரிய நிலைக்கண்ணாடி எதிரே இருந்தாலும் குழம்பும். கேமரா இருக்கிறது என்பதால் படுக்கையறையில் அதைத் திறந்தபடி போட்டுவைக்கவும் வேண்டாம்.

முதல் நாள் வேலை

முதலில் மின்னூட்டம் முழுமையாகட்டும். பிறகு கைத்தொலைபேசியில் அதற்குரிய செயலியைப் பதிவிறக்கி, கணக்கைத் திறந்து, வைஃபை இணைப்பைக் கொடுக்க வேண்டும். கருவி தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ள நேரம் எடுக்கும். பிறந்தநாள் விருந்தன்று எல்லார் முன்னிலையிலும் பெட்டியைப் பிரித்தால், பிள்ளைகள் கேக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும்வரை அது புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம்! முதல்நாளே தயார் செய்துவிடுங்கள்.

பிள்ளைக்குப் பெரியவர் கணக்கைக் கொடுக்காதீர்கள். மெட்டா கருவிகளில் பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் நிர்வகிக்கும் தனிக் கணக்கு உண்டு. பத்து வயதுக்குக் கீழே அனுமதியில்லை. பிளேஸ்டேஷன் விஆர்2 பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு உரியதல்ல. வயதைப் பொய்யாகப் போட்டுத் திறந்தால், முன்பின் தெரியாதவர்கள் குரல் கொடுத்துப் பேசும் கூடங்களுக்குள் அந்தப் பிள்ளை தனியாக நிற்கும். உள்ளே யார் என்ன பேசுகிறார்கள் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் தெரியாது. அதனால்தான் உள்ளே தெரிவதைத் தொலைக்காட்சியிலோ கைத்தொலைபேசியிலோ காட்டும் வசதியை முதல் நாளே இயக்கிப் பழக வேண்டும்.

அடுத்து, மாட்டும் முறை. பெரும்பாலோர் பக்கப் பட்டையை இறுக்கி முகத்தில் அழுத்திவிடுகிறார்கள். கன்னம் சிவக்கிறது, மூக்கு வலிக்கிறது. பின்பட்டை பிடரிக்கு மேல் தலை வளையும் இடத்தில் உட்கார வேண்டும். மேல்பட்டைதான் பாரத்தைத் தாங்க வேண்டும். அரைக் கிலோ எடை முகத்தில் தொங்கக் கூடாது.

பிறகு கண். இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். கருவியின் வில்லைகளை அந்தத் தூரத்துக்கு நகர்த்தி, எழுத்துகள் கூர்மையாகத் தெரியும் வரை சரிசெய்ய வேண்டும். குவெஸ்ட் 3-இல் இதற்கொரு சக்கரம் உண்டு. 3எஸ்-இல் மூன்று நிலைகள் மட்டுமே. ஒருவருக்கு வைத்த அளவை மற்றவருக்கு அப்படியே மாட்டினால் படம் மங்கும், கண் வலிக்கும், தலை கனக்கும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் ஆழத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டு கண்ணாடிகளும் உரசி இரண்டிலும் கீறல் விழும்.

வில்லையை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். வாசனை ஈரத்தாள், ஆல்கஹால் எதுவும் படக்கூடாது. முகத்தில் படும் பஞ்சை ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைத்து வையுங்கள். நம் ஊர் வியர்வைக்கு இது கட்டாயம்.

பாட்டிக்கு என்ன நடந்தது?

கேமரன் மலைக்குப் பேருந்தில் போகும்போது கைத்தொலைபேசியைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்கிறது. கண்ணோ அசையாத எழுத்தைப் பார்த்து 'நகரவில்லை' என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு புரளுகிறது. விஆரில் இதுவே தலைகீழாக நடக்கும். கண் 'ஓடுகிறோம்' என்கிறது. உடல் நாற்காலியில் அசையாமல் இருக்கிறது.

பேரன் பாட்டிக்குப் போட்டுக் காட்டியது மலைப்பாதையில் விரையும் தொடர்வண்டி. அதுவும் தன் கண்ணுக்கு வைத்த அளவை மாற்றாமல். அதுவும் கைப்பிடி இல்லாத நாற்காலியில். பாட்டி சாய்ந்ததில் வியப்பு என்ன?

புதியவர்கள் அசையாத காட்சியில் தொடங்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். தலை லேசாகக் கனத்தாலே கழற்றிவிட வேண்டும். 'கொஞ்சம் தாங்கிக்கொண்டால் பழகிவிடும்' என்று தொடரக் கூடாது. பழகியவர்களும் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். தலைசுற்றல் அடங்கும்வரை மோட்டார் சைக்கிளையோ காரையோ தொடக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே அணிய வேண்டும்.

மறுபடியும் பெட்டியைத் திறந்தபோது

மூன்று வாரம் கருவி அலமாரி மேல் கிடந்தது. பேரனுக்கு மனம் உறுத்தியது. பாட்டிக்கு மூட்டு வலி. பத்துமலைக்குப் போனாலும் அடிவாரத்தில் முருகன் சிலையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். 272 படிகளை அவர் ஏறிப் பல வருடங்கள் ஆகின்றன. 2018-இல் படிகளுக்கு வண்ணம் பூசிய பிறகு ஒரு முறைகூட ஏறியதில்லை.

நண்பரிடம் 360 பாகை கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு வார நாள் காலையில் அவன் பத்துமலைக்குப் போனான். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வரை ஏறினான். வீட்டுக்கு வந்து முதலில் தான் மாட்டிப் பார்த்தான். அவனுக்கே குமட்டியது. நடந்துகொண்டே எடுத்ததால் படம் குலுங்கியது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

அடுத்த வாரம் மறுபடியும் போனான். இந்த முறை அடிவாரம், பாதிப் படி, குகை வாசல், உள்ளே சன்னதிக்கு எதிரே என்று நான்கு இடங்களில் கேமராவை ஒரு கம்பில் அசையாமல் ஓரமாக நிறுத்தி, மூன்று மூன்று நிமிடம் எடுத்தான். உயரத்தையும் கவனித்தான். கேமரா தலைக்கு மேல் இருந்தால் பார்ப்பவருக்கு அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்த பாட்டியின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் வைத்தான்.

அப்பா பாட்டியை மருத்துவரிடம் அழைத்துப் போய்க் கேட்டு வந்தார். கைப்பிடி உள்ள கனமான நாற்காலி சுவர் ஓரம் போடப்பட்டது. வில்லைகள் பாட்டியின் கண்ணுக்கு ஏற்ப நகர்த்தப்பட்டன. தெரிவதைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். மருமகள் பக்கத்தில் நின்று தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"பாட்டி, தலை சுத்துச்சுன்னா உடனே சொல்லணும்."

"சொல்றேன்யா. நீ போடு."

காட்சி தொடங்கும் முன் பாட்டி ஒன்று செய்தார். வீட்டுக்குள் போட்டிருந்த செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவைத்தார்.

முதல் இடம், அடிவாரம். "இந்தப் படிக்கு எப்பய்யா பெயிண்ட் அடிச்சாங்க?" என்று கேட்டார். இரண்டாவது இடம். திரும்பிக் கீழே பார்த்தார். மூன்றாவது, குகை வாசல். நான்காவது, சன்னதி. பாட்டியின் இரு கைகளிலும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கைகள் தடுமாறின. பேரன் மெல்ல இரண்டையும் வாங்கிக்கொண்டான். பாட்டி கும்பிட்டார்.

பன்னிரண்டு நிமிடம்தான். கழற்றிய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இது. "எல்லாம் அப்படியேதான் இருக்கு. கால்தான் வலிக்கல."

அதே கருவி. அதே வீடு. அதே பாட்டி. முதல் முறை தரையில் விழப் பார்த்தார். இரண்டாம் முறை கோயிலுக்குப் போய் வந்தார். நடுவில் மாறியது கருவி அல்ல, அதை மாட்டிவிட்டவரின் கவனம்.

வாங்குகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் தங்கள் வீட்டை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். யார் அணியப் போகிறார்களோ அவருடைய கண்ணை, வயதை, உடலை நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு கடைக்குப் போங்கள். அடுத்தவருக்கு மாட்டிவிடும்போது, அவர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.